'சென்னையின்' எனும் கிழமை: கால்பந்துக் கழக ஆதரவாளர் பற்றும் காஞ்சிபுரத் தொன்மங்களும்

ஆய்வுச் சுருக்கம்

கால்பந்துக் கழகம் ஒன்று சட்டப்படி அதன் முதலீட்டாளர்க்கு உரியது. அதன் ஆதரவாளர்களோ அதனை 'நம்முடையது' என்றே வழங்குகின்றனர். இவ்விருவகை உரிமைகளும் ஒன்றோடொன்று முரண்படும் தருணங்களில் ஆதரவாளர் பற்றின் இயல்பு வெளிப்படுகிறது. 2014ஆம் ஆண்டு தோன்றிய சென்னையின் எஃப்சி கழகத்தை முதன்மைச் சான்றாகவும், பிற இந்திய, ஆங்கிலேயக் கழகங்களைத் துணைச் சான்றுகளாகவும் கொண்டு இக்கட்டுரை அவ்வியல்பை விளக்குகிறது. விளக்கத்திற்குரிய கருத்தாக்கங்கள் மேலைச் சமூகவியலிலிருந்து மட்டுமன்றி, தமிழ் இலக்கணத்தின் கிழமைப் பொருளிலிருந்தும், காஞ்சிபுரத்தில் வழங்கும் இரு வைணவத் தொன்மங்களிலிருந்தும் பெறப்பட்டுள்ளன.

குறிச்சொற்கள்: ஆதரவாளர் பற்று, கிழமைப் பொருள், சென்னையின் எஃப்சி, திருவெஃகா, தொட்டாச்சாரியார் சேவை, வெளியேற்றம், குரல்.

முன்னுரை

இந்தியாவின் முதல்நிலைக் கால்பந்துத் தொடர்களில் ஆடும் கழகம் எதுவும் காஞ்சிபுரத்தில் இல்லை. பட்டுத் தறிகளாலும் கோயில்களாலும் அறியப்படும் இந்நகரத்தார் மாநில அளவிலான கழகம் ஒன்றைத் தமதாகக் கொள்ள விரும்பினால், ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையையே நோக்க வேண்டும். ஆயினும் ஓர் ஊருக்கும் அவ்வூரார் போற்றும் ஒன்றிற்கும் இடையிலான உறவு எத்தகையது, அவ்வுறவு முறிந்தால் என்ன நிகழும் என்னும் வினாக்கள் காஞ்சிக்குப் புதியனவல்ல. அவற்றிற்கு விடை கூறும் கதைகளை இந்நகரம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

பக்தியும் விளையாட்டுப் பற்றும் ஒன்றே எனக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பக்தியில் வீடுபேறு குறிக்கோளாகும். விளையாட்டில் அத்தகைய குறிக்கோள் இல்லை. இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்ட பின்னரும், உரிமை, இடம், சேய்மை ஆகிய மூன்று நிலைகளில் இரண்டும் ஒரே வகையான சிக்கல்களை எதிர்கொள்கின்றன. தமிழ்ச் சூழலில் ஆதரவாளர் பற்றை ஆராய முற்படுவோர்க்கு அக்கதைகள் கருத்தியல் கருவிகளாகப் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. ஆதரவாளர் பற்று: கருத்தாக்கங்கள்

ஆதரவாளரின் உளவியல் குறித்த ஆய்வுகளில் ராபர்ட் சியால்டினியும் அவர்தம் குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் எடுத்தாளப்படுவது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள், தம் அணி வென்ற வார இறுதியை அடுத்த திங்கட்கிழமைகளில் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த ஆடைகளை மிகுதியாக அணிந்தனர் என்பதை அவ்வாய்வு கண்டறிந்தது. வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்னும் தன்மைப் பன்மையும், தோல்வியைச் சொல்லும்போது 'அவர்கள்' என்னும் படர்க்கைப் பன்மையும் மிகுந்து வந்தமையும் அதில் சுட்டப்பட்டது. பிறர் பெற்ற புகழில் தானும் குளிர்காயும் மனநிலை இது.

எனினும் எல்லா ஆதரவாளரும் தோல்வியில் விலகுவதில்லை. டேனியல் வான், நைலா பிரான்ஸ்கோம்ப் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு, அணியுடன் ஆழமாக ஒன்றியவரைப் பருவத்திற்கேற்ப வந்து போவோரிடமிருந்து வேறுபடுத்தியது. முன்னவர்க்கு அணி தம் தன்னடையாளத்தின் ஒரு பகுதி. எனவே தோல்வி நேர்ந்தாலும் அவரால் எளிதில் விலக இயலாது. ரிச்சர்ட் ஜூலியானோட்டி 2002இல் முன்வைத்த பகுப்பு, பார்வையாளரை இரு அச்சுகளில் வகைப்படுத்துகிறது: ஒன்று மரபுவழிப் பற்றுக்கும் நுகர்வோர் மனநிலைக்கும் இடைப்பட்டது, மற்றொன்று ஒன்றுதலின் செறிவு பற்றியது.

இவற்றினும் இக்கட்டுரைக்கு நெருக்கமானது பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் அளித்த கோட்பாடு. நிறுவனம் ஒன்று சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோர்க்கு இரு வழிகள் உண்டு: ஒன்று வெளியேற்றம், மற்றொன்று உள்ளிருந்தே எழுப்பும் குரல். பற்று என்பது வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தி, குரலுக்குக் காலமும் வலிமையும் தருவது. சோப்பு வாங்குபவர் தரம் குறைந்தால் வேறு சோப்பை வாங்கிவிடுவார். கழக ஆதரவாளர் அவ்வாறு அண்டை நகரின் கழகத்திற்கு மாறிவிடுவதில்லை. அவரிடம் எஞ்சுவது குரல் மட்டுமே. அக்குரலைக் கேட்கும் கடமை உரிமையாளர்க்குச் சட்டப்படி இல்லாதபோது சிக்கல் தோன்றுகிறது.

2. பெயரில் அமைந்த கிழமை

சென்னையின் எஃப்சி என்னும் பெயரமைப்பு கருதத்தக்கது. உலகின் பெரும்பாலான கழகங்கள் ஊர்ப்பெயரை எழுவாய் வடிவிலேயே தாங்குகின்றன. இக்கழகமோ வேற்றுமை ஏற்ற வடிவத்தைப் பெயராகக் கொண்டுள்ளது. மரபிலக்கணப்படி 'இன்' என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு, சாரியையாகவும் வரும். ஆறாம் வேற்றுமைக்கு 'அது' முதலியன உருபுகளாகக் கூறப்படுகின்றன. இக்காலத் தமிழில் 'இன்' உடைமைப் பொருளையே பெரிதும் உணர்த்துகிறது. ஆகவே 'சென்னையின்' என்ற சொல், சென்னைக்கு உரியது ஒன்று பின்னே வருகிறது என்னும் எதிர்பார்ப்பைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என வகுத்த இலக்கணிகள் அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரித்தனர். 'சாத்தனது கை' என்பதில் கை சாத்தனிடமிருந்து பிரிக்க இயலாதது, இது தற்கிழமை. 'சாத்தனது வீடு' என்பதில் வீடு சாத்தனின் வேறானது, விற்கவும் கைமாற்றவும் கூடியது, இது பிறிதின்கிழமை.

இப்பகுப்பு ஆதரவாளர் பற்றின் மையச் சிக்கலைத் தெளிவாக்குகிறது. சட்டத்தின் பார்வையில் கழகம் பிறிதின்கிழமைப் பொருள். அதனை வாங்கலாம், விற்கலாம், பெயர் மாற்றலாம், வேறு நகருக்குக் கொண்டு செல்லலாம், மூடிவிடலாம். ஆதரவாளரின் பேச்சிலோ அது தற்கிழமை. உறுப்பு ஒன்றை இழத்தல் போன்றே அதன் இழப்பு உணரப்படுகிறது. 'நாம் வென்றோம்' என்னும் தொடரில் வெளிப்படுவது தற்கிழமை உணர்வே. வெற்றியின்போது மட்டும் அவ்வாறு சொல்பவரையும் தோல்வியிலும் 'நாம் தோற்றோம்' என்பவரையும் வேறுபடுத்தும் எல்லைக்கோடு இதுவே எனலாம்.

இக்கழகத்தின் ஆதரவாளர் குழுக்களுள் ஒன்று 'சூப்பர் மச்சான்ஸ்' எனப் பெயர் பூண்டிருப்பதும் நோக்கத்தக்கது. தமிழ் உறவுமுறையில் பங்காளி என்பது பிறப்பால் அமைவது. மச்சான் என்பது கொண்டு கொடுத்து அமைவது. நண்பரை 'மச்சான்', 'மச்சி' என விளிக்கும் நகர வழக்கும் இதன் விரிவே. பிறப்பால் வாராது, தேர்ந்து கொண்டு பின்னர்ப் பிரிய இயலாததாகும் உறவுக்கு இச்சொல் பொருந்துவதாகிறது. மற்றொரு குழுவின் பெயர் 'பி ஸ்டாண்ட் புளூஸ்'. இதில் அரங்கின் இருக்கைப் பகுதியே அடையாளமாகியுள்ளது. ஒன்று உறவாலும் மற்றொன்று இடத்தாலும் தம்மைப் பெயரிட்டுக் கொண்டுள்ளன.

3. சென்னையில் கழகப் பற்றின் தோற்றம்

சென்னையில் கால்பந்து புதிதன்று. வடசென்னையின் வியாசர்பாடி போன்ற பகுதிகளில் அது தெரு வாழ்வின் ஒரு கூறு. ஆயினும் சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் லீக் போட்டிகளில் நெடுங்காலம் சிறந்து விளங்கியவை இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக இரயில்வே, சுங்கத்துறை போன்ற நிறுவன அணிகள். அவை ஆட்டக்காரர்க்கு வேலைவாய்ப்பை அளித்தன. நகரத்தார் அனைவரும் தமதெனக் கொள்ளும் அடையாளத்தை அளிக்கவில்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அவ்வெற்றிடத்தில் சென்னையின் எஃப்சி தோன்றியது. நடிகர் அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி, வீட்டா தானி ஆகியோர் அதன் உரிமையாளராயினர். இத்தாலியின் மார்கோ மட்டராஸி முதற் பயிற்சியாளர். விளம்பரத்தாலும் முதலீட்டாலும் உருவாக்கப்பட்ட ஒரு கழகத்தின்மேல் உண்மையான பற்று விளையுமா என்னும் ஐயம் அப்போது இயல்பானதே. அவ்வையத்திற்கு 2015ஆம் ஆண்டின் நிகழ்வுகள் விடையளித்தன.

அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையும் காஞ்சிபுரம் உள்ளிட்ட அண்டை மாவட்டங்களும் பெருவெள்ளத்தில் மூழ்கின. அரையிறுதியின் முதற் சுற்றைச் சொந்த அரங்கில் நடத்த இயலாமல் கழகம் புனே நகருக்குச் செல்ல நேர்ந்தது. அங்கு அத்லெடிகோ டி கொல்கத்தா அணியை 3–0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், 87ஆம் நிமிடத்தில் 1–2 எனப் பின்தங்கிய சென்னை அணி, 90ஆம் நிமிடத்தில் எதிரணிக் கோல்காப்பாளரின் தன்கோலால் சமன் செய்து, இடைநிறுத்தங்களுக்கு ஈடாகச் சேர்க்கப்பட்ட நேரத்தில் ஸ்டிவன் மென்டோசா அடித்த கோலால் 3–2 என வென்றது.

வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட நகரின் பெயரை அயலூரில் ஓர் அணி தாங்கி நின்றமை, கழகத்திற்கும் ஊருக்கும் இடையே விளம்பரத்தால் உருவாக்க இயலாத பிணைப்பு ஒன்றைத் தோற்றுவித்தது. துன்பத்தில் பகிரப்பட்ட நினைவே பற்றின் முதல் ஆவணம் எனலாம்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்த அரங்கிலேயே 3–2 என வென்று இரண்டாம் முறை வாகை சூடிய கழகம், அடுத்த 2018–19 பருவத்தில் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. வெற்றியில் வந்தவர் விலகவும் ஒன்றியவர் நிலைக்கவும் இத்தகைய வீழ்ச்சியே வாய்ப்பளிக்கிறது.

4. சேய்மையும் காட்சியும்: தொட்டாச்சாரியார் சேவை

இக்கழகத்தின் இரண்டு வெற்றிகளும் சென்னைக்கு வெளியே நிகழ்ந்தவை. 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த மூன்றாம் இறுதியாட்டம் கொரோனாத் தொற்று அச்சத்தால் பார்வையாளரின்றியே நடந்தது. அதில் கழகம் தோற்றது. அடுத்த இரு பருவங்களும் கோவாவிலேயே மூடிய சூழலில் நடத்தப்பட்டன. எனவே ஆதரவாளருள் மிகப் பலர்க்குக் கழகத்தின் முதன்மைத் தருணங்கள் திரை வழியாகக் கிடைத்தவையே. அரங்கில் நேரில் இருத்தலையே பற்றின் அளவுகோலாகக் கொள்ளும் ஐரோப்பிய ஆய்வு மரபு இத்தகையோரை இரண்டாம் நிலையினராகக் கருத இடமுண்டு.

காஞ்சி மரபு இதற்கு வேறொரு விடை தருகிறது. வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் கருடசேவை. ஆண்டுதோறும் சோளிங்கரிலிருந்து வந்து அச்சேவையைக் கண்டு வந்த தொட்டாச்சாரியார் ஓராண்டு வர இயலாமற் போயிற்று. தம் ஊர்க் குளக்கரையிலேயே நின்று அவர் ஏங்கியபோது பெருமாள் கருடன்மீது அங்கேயே காட்சி தந்தார் என்பது மரபு. இன்றும் கருடசேவையன்று கோபுர வாயிலில் பெருமாளை ஒரு கணம் குடைகளால் மறைப்பர். அக்கணத்தில் அவர் சோளிங்கரில் இருப்பதாக நம்பப்படுகிறது.

இச்சடங்கின் அமைப்பு ஆராயத்தக்கது. வர இயலாத ஒருவரின் பொருட்டு, வந்திருக்கும் கூட்டம் முழுவதும் ஒரு கணம் காட்சியை இழக்கிறது. சேய்மையில் உள்ளவரின் பற்று அண்மையில் உள்ளவரின் பற்றினும் தாழ்ந்ததன்று என்பதைச் சமூகம் ஆண்டுதோறும் ஒப்புக்கொள்ளும் முறை இது. பற்றை அளப்பது உடலின் இருப்பன்று, இல்லாமையை உணரும் ஆழமே என்னும் கருத்து இதனால் பெறப்படுகிறது. நுழைவுச்சீட்டு எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஆதரவாளரை மதிப்பிடும் நிறுவனப் பார்வைக்கு இது தக்க மறுப்பாகும்.

5. ஊரைவிட்டு நீங்குதல்: திருவெஃகாத் தொன்மம்

காஞ்சியின் திருவெஃகா, பெரும்பாணாற்றுப்படையிலேயே சுட்டப்படும் தொன்மை வாய்ந்த தலம். அங்குக் கிடந்த கோலத்தில் உள்ள திருமாலுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். அப்பெயர்க்குரிய கதையைக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. தன்னைப் பாடுமாறு பல்லவ மன்னன் விடுத்த விருப்பத்தைத் திருமழிசையாழ்வாரின் மாணவரான கணிகண்ணன் மறுத்தார். மன்னன் அவரை நாடு கடத்தினான். மாணவரைப் பிரிய மனமில்லாத ஆழ்வாரும் உடன் புறப்பட்டார், பெருமாளையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வருமாறு வேண்டினார், அவரும் பின்சென்றார். நகரம் பொலிவிழந்தது. மன்னன் தவறுணர்ந்து வேண்டவே மூவரும் திரும்பினர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை' என்றாகி ஓரிக்கை என மருவியது என்பர். பெருமாள் வழக்கமான திசைக்கு மாறாகப் பள்ளிகொண்டிருப்பதும் இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

ஹிர்ஷ்மனின் சொற்களில் கூறினால், இங்கு வெளியேற்றமே குரலாக மாறுகிறது. ஊரின் மையம் ஊரைவிட்டு நீங்கும்போதுதான் அதன்மேல் அதிகாரம் கொண்டிருந்தவன் தன் அதிகாரத்தின் எல்லையை அறிகிறான். மேலும், மையம் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகிறது என்பதே கதையின் உயிர்நாடி. அது மன்னனின் சொல்லுக்கன்று, பற்றுடையவரின் சொல்லுக்கே கட்டுப்படுகிறது.

கால்பந்தில் நிலைமை நேர்மாறானது. 2019இல் டெல்லி டைனமோஸ் கழகம் புவனேஸ்வருக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி கழகம் கலைந்து, அதன் இடத்தை ஹைதராபாத் எஃப்சி பெற்றது. தமிழ்நாட்டிலேயே சென்னை சிட்டி எஃப்சி, பெயரில் சென்னையைத் தாங்கிக் கோயம்புத்தூரைச் சொந்தக் களமாகக் கொண்டு 2018–19இல் ஐ–லீக் பட்டத்தை வென்றது. 2020–21க்குப் பின் அத்தொடரில் அது இடம்பெறவில்லை. பெயர் ஓர் ஊரிலும் களம் வேறோர் ஊரிலும் இருந்த அக்கழகம் மறைந்தபோது எவ்வூர் அதனை இழந்தது என்பது விடையற்ற வினா.

இங்கிலாந்தின் விம்பிள்டன் கழகத்தை மில்ட்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002 மே மாதத்தில் இசைவளிக்கப்பட்டபோது, ஆதரவாளர்கள் உடன் செல்லவில்லை. அவ்வாண்டே ஏஎஃப்சி விம்பிள்டன் என்னும் புதிய கழகத்தைத் தாமே தொடங்கினர். கீழ்நிலைத் தொடரிலிருந்து படிப்படியாக உயர்ந்து 2011இல் அது ஃபுட்பால் லீக்கில் இடம்பெற்றது. 2020இல் தன் பழைய தெருவான பிளவ் லேனுக்கே திரும்பியது. மையம் ஊரைவிட்டு நீங்க, பற்றுடையோர் அவ்விடத்திலேயே புதிய மையத்தை நிறுவிய நிகழ்ச்சி இது. திருவெஃகாக் கதையின் மறுதலை வடிவமாயினும், ஊரும் பற்றும் பிரியாதவை என்னும் முடிவு இரண்டிற்கும் பொது.

6. குரலின் வலிமையும் வரம்பும்

வெளியேறாமல் குரலெழுப்பி வென்ற சான்று கொல்கத்தாவில் உண்டு. 1889இல் தொடங்கப்பெற்று, 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற மோகன் பாகன் கழகம், 2020இல் ஏடிகே நிறுவன அணியுடன் இணைக்கப்பட்டது. தம் கழகப் பெயர்க்கு முன் வேறொரு கழகத்தின் பெயர் ஒட்டப்பட்டதை எதிர்த்து ஆதரவாளர்கள் தொடர்ந்து போராடினர். 2023இல் அம்முன்னொட்டு நீக்கப்பட்டு, மோகன் பாகன் சூப்பர் ஜயன்ட் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. முதலீட்டாளரின் முத்திரை முற்றும் மறையவில்லை. ஆயினும் பெயரின் முதலிடம் மீட்கப்பட்டது.

சென்னை ஆதரவாளர் எதிர்கொண்ட நிலை வேறு. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தொடரை நடத்தும் நிறுவனத்திற்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுறவிருந்தமையால், அவ்வாண்டு ஜூலையில் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இங்கு எதிர்த்துக் குரலெழுப்புதற்குரிய ஒற்றை மன்னன் எவனும் இல்லை. கூட்டமைப்பு, ஒப்பந்தம், ஒளிபரப்பு உரிமை, முதலீடு எனப் பலவாகப் பகிர்ந்து கிடக்கும் அதிகாரத்தின் முன் ஆதரவாளரின் சொல் சென்றடையும் இடம் தெளிவாக இல்லை. பெயர் மாற்றத்தை எதிர்க்கலாம். ஆட்டமே இல்லாத நிலையை எதிர்த்து ஆட்டக்களத்தில் முழங்க இயலாது.

ஜெர்மனியில் கழக உறுப்பினர்களே பெரும்பான்மை வாக்குரிமையைக் கொண்டிருக்க வேண்டும் என்னும் '50+1' விதி உண்டு. தற்கிழமை உணர்வுக்குச் சட்ட வடிவம் தரும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். இந்தியாவின் முதலீட்டு அடிப்படையிலான கழகங்களில் இதற்கு இணையான ஏற்பாடு இல்லை. உணர்வில் தற்கிழமையும் ஆவணத்தில் பிறிதின்கிழமையுமாக ஆதரவாளர் நிற்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, ஆதரவாளர் பற்றின் மையம் வெற்றியன்று, உரிமையுணர்வே. அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்னும் தமிழ் இலக்கணப் பகுப்பு செவ்வனே விளக்குகிறது. இரண்டாவதாக, முதலீட்டால் உருவாக்கப்பட்ட கழகத்தின்மேலும் பகிர்ந்த துன்பத்தின் வழியாக உண்மையான பற்று விளையும் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் வெள்ளக்கால நிகழ்வுகள் சான்றாகின்றன. மூன்றாவதாக, சேய்மைப் பற்றைத் தாழ்வாகக் கருதுதல் பொருந்தாது என்பதைத் தொட்டாச்சாரியார் சேவை உணர்த்துகிறது. நான்காவதாக, ஊரைவிட்டு மையம் நீங்குதல் என்னும் சிக்கலில் தொன்மமும் கழகமும் ஒன்றுபட்டாலும், யாருடைய சொல் செல்லுபடியாகிறது என்பதில் அவை முற்றிலும் வேறுபடுகின்றன.

திருவெஃகாவில் பற்றுடையவர் சொன்னவண்ணம் மையம் நடந்தது. இன்றைய கழகங்களில் முதலீட்டாளர் சொன்னவண்ணமே அது நடக்கிறது. இவ்விடைவெளியைக் குறைக்கும் அமைப்புகள் எவை, தமிழ்நாட்டின் விளையாட்டுச் சூழலில் அவை எவ்வாறு உருவாகக் கூடும் என்பன மேலாய்வுக்குரியவை. காஞ்சிபுரம் உள்ளிட்ட சிறுநகரங்களில் வாழ்ந்து, தொலைவிலிருந்தே சென்னையைத் தம் அணியாகக் கொண்டவர்களிடம் களஆய்வு நிகழ்த்துவது அம்முயற்சிக்கு நல்ல தொடக்கமாக அமையும்.